குடியிருந்துகொண்டே பழைய வீட்டைச் செப்பனிடுவது: ஒரு செட்டிநாட்டு வழிகாட்டி

எங்கள் செட்டிநாட்டு வளவு வீட்டில் முதல் ஐப்பசி மழைக்கு ஒழுகலுக்கு வைத்த பாத்திரங்களை என் மனைவி எண்ணிப் பார்த்தாள். பதினேழு. இரண்டு அண்டா, நாலு தூக்குச்சட்டி, மீதியெல்லாம் காலி பெயின்ட் வாளி. நான் கப்பல் வேலையை விட்டு ஊர் திரும்பி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. காரைக்குடியில் வாடகைக்கு ஒரு வீடு பார்த்துக்கொள், வேலையெல்லாம் முடிந்த பிறகு குடிவரலாம் என்று சொல்லாத ஆள் இல்லை. நான் கேட்கவில்லை.

அதற்குக் காரணம் உண்டு. கப்பலை விட்டதும் நேராக ஊருக்கு வராமல், மலேசியாவின் லங்காவியில் ஒரு நண்பருடைய பாய்மரப் படகில் எட்டு மாதம் தங்கி, அதைப் பழுது பார்த்துக் கொடுத்தேன். முப்பத்தாறு அடி நீளம், ஃபைபர் உடம்பு, வயது முப்பதுக்கு மேல். சமையல், தூக்கம், ரம்பம், உப்புத்தாள் எல்லாம் அந்த முப்பத்தாறு அடிக்குள்தான். குடியிருந்துகொண்டே ஒன்றைச் செப்பனிடுவதற்கென்று தனி ஒழுங்கு இருக்கிறது என்பது அங்கேதான் புரிந்தது. படகில் அந்த ஒழுங்கு தவறினால் படுக்கை நனையும், ரொம்பத் தவறினால் படகே முழுகும். நூறு வருட வளவு வீட்டில் முழுகுகிற பயம் இல்லை. மற்றபடி கணக்கு ஒன்றுதான்.

பூட்டிக் கிடந்த, ஆனால் நிமிர்ந்து நிற்கிற வீட்டுக்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். சுவர் வெளிப்பக்கம் சாய்ந்திருந்தாலோ, உத்திரம் நடுவில் தொய்ந்திருந்தாலோ, தூணுக்கும் உத்திரத்துக்கும் நடுவே விரல் நுழைகிற இடைவெளி விட்டிருந்தாலோ இதைப் படிக்க வேண்டாம். பழைய கட்டடம் தெரிந்த பொறியாளர் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். அவர் சரி என்று சொல்லும்வரை அதன் கீழே யாரும் படுக்கக் கூடாது.

முதல் மழையைச் சும்மா பாருங்கள்

வந்த உடனே கொத்தனாரைக் கூப்பிடத்தான் கை துடிக்கும். கூப்பிடாதீர்கள். ஒரு மழைக்காலம் முழுக்க அந்த வீட்டில் இருந்து பார்ப்பதைவிட நல்ல சோதனை எதுவும் கிடையாது. வாடகை வீட்டிலிருந்து வாரம் ஒருமுறை வந்து பார்க்கிறவருக்குக் காய்ந்த கறைதான் தெரியும். உள்ளே இருப்பவருக்கு மழை தொடங்கி எத்தனை நிமிடத்தில் சொட்டுகிறது, எந்தக் காற்றுக்குச் சொட்டுகிறது, மழை விட்டபின் எவ்வளவு நேரம் சொட்டுகிறது என்பதெல்லாம் தெரியும். மூன்றுக்கும் அர்த்தம் வேறு. மழை விழுந்த உடனே சொட்டினால் உடைந்த ஓடு. அரைமணி கழித்துத் தொடங்கி, மழை விட்ட பிறகும் இரண்டு மணி நேரம் சொட்டினால் மேலே எங்கோ தண்ணீர் தேங்கி ஊறுகிறது. கீழ்க்காற்றுக்கு, அதாவது கிழக்கிலிருந்து வரும் காற்றுக்கு, மட்டும் சொட்டினால் ஓட்டின் மேற்பொருத்தம் போதவில்லை.

ஒரு சாக்பீஸ் எடுத்துக்கொள்ளுங்கள். பாத்திரம் வைத்த ஒவ்வொரு இடத்திலும் தரையில் ஒரு வட்டம், பக்கத்தில் ஒரு எண். ஒரு நோட்டில் அந்த எண்ணுக்கு நேராகத் தேதி, காற்று, நேரம். எங்கள் பதினேழு வட்டமும் கடைசியில் ஐந்தே ஐந்து கோளாறுகளாகச் சுருங்கின. அதில் மூன்று, இரண்டு சரிவுகள் சேரும் கூடல்வாயில் இருந்தன.

சொட்டுகிற இடத்துக்கு நேர் மேலே ஓட்டை இருக்கும் என்று நம்பாதீர்கள். படகில் தளத்தின் முன்பக்கம் ஒரு போல்ட் துளை வழியாக இறங்கிய தண்ணீர், மேற்பலகைக்கு மேலேயே பத்தடி ஓடி வந்து என் தலையணையில் சொட்டியது. தலையணைக்கு மேலே இருந்த ஜன்னலை இரண்டு தடவை கழற்றி மாட்டிய பிறகுதான் அது தெரிந்தது. ஓட்டு வீட்டிலும் தண்ணீர் சட்டத்தின் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சரிவின் கீழ்ப்பக்கம் ஓடி, முதல் ஆணியில் வந்து சொட்டும். ஓட்டையைச் சரிவின் மேல்பக்கம் தேடுங்கள். மழை இல்லாத நாளில் தேட வேண்டுமென்றால், ஹோஸ் பைப்பைக் கீழ் விளிம்பில் தொடங்கி, கால் மணிக்கு ஒரு முழமாக மேலே ஏற்றுங்கள். மேலிருந்து தொடங்கினால் எல்லா இடமும் நனைந்து ஒன்றும் புலப்படாது.

பங்காளிகள்

மழை பார்க்கிற அந்த மூன்று மாதத்தில் செய்ய வேண்டிய இன்னொரு வேலை இது. நம் பக்கத்து வீடு யார் பேரிலும் தனியாக இருப்பது அபூர்வம். உள்வீடு ஒவ்வொன்றும் ஒரு புள்ளிக்கு, அதாவது மணமான ஒரு குடும்பத்துக்கு. முகப்பும், முற்றமும், அதைச் சுற்றிய வளவும் எல்லாருக்கும் பொது. உங்கள் பணத்தில் பொதுக் கூரையைப் பிரித்தாலும் ஒரு வார்த்தை கேட்காமல் பிரித்தால் அது வழக்காகும். எந்தப் பகுதி, என்ன வேலை, செலவு யாருடையது, பிரித்த மரம் எங்கே அடுக்கப்படும் என்று ஒரு பக்கத்தில் எழுதி, சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறவர்கள் உட்பட எல்லாரிடமும் கையெழுத்து வாங்குங்கள். கடைசி வரியைப் பாதிப் பேர் விட்டுவிடுகிறார்கள். கழற்றிய ஒரு பழைய கதவு நிலை காணாமல் போனால், அது காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் விலைக்கு நிற்கிறது என்று யாராவது ஒரு சித்தப்பா நிச்சயம் சொல்வார். எல்லாவற்றையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. 2014-ல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் ஏறின. பெருமைதான். பட்டியலைப் பார்த்து யாரும் வந்து ஓடு மாற்றித் தரமாட்டார்கள்.

ஒரு காய்ந்த மூலை

இது படகுப் பாடம். எவ்வளவு பெரிய வேலை நடந்தாலும் ஒரு படுக்கை, ஒரு அடுப்பு, ஒரு கழிவறை இந்த மூன்றையும் தொடவே கூடாது. லங்காவியில் முதல் மாதம் முன்னறை, பின்னறை இரண்டையும் ஒரே நேரத்தில் பிரித்துப் போட்டுவிட்டு, மூன்று வாரம் மேசைக்குக் கீழே படுத்தேன். முதுகு பிடித்ததோ இல்லையோ, மனம் விட்டுப் போயிற்று. குடியிருந்துகொண்டே வேலை செய்கிறவர்கள் பாதியில் விட்டுவிட்டுப் போவதற்குப் பணம் தீர்ந்தது காரணமாக இருப்பதைவிட, தூங்க இடம் இல்லாதது காரணமாக இருப்பது அதிகம் என்று நினைக்கிறேன்.

எங்கள் வீட்டில் அந்த மூலை, வளவுக்குப் பின்னால் உள்ள இரண்டாங்கட்டின் கிழக்குப் பக்கம். வளவு பெரிது, அழகு, ஆனால் வேலையெல்லாம் அங்கேதான் நடக்கும். அடுப்படிக்கும் கிணற்றுக்கும் பக்கத்தில் ஒழுகாத இரண்டு அறைகளைத் தேர்ந்தெடுங்கள். குடிவருமுன் அந்த இரண்டுக்கும் மட்டும் தற்காலிகமாகச் செய்ய வேண்டியவை:

ஓட்டுக்கு அடியில், சட்டத்தோடு சேர்த்து ஒரு தார்ப்பாயை ஒரு பக்கம் சரிவாகக் கட்டுங்கள். தப்பித் தவறி ஒழுகினாலும் தண்ணீர் ஓரமாக முற்றத்தில் விழும். மரநாயின் எச்சமும் வௌவால் புழுக்கையும் அதிலேயே தங்கும்.

வேலை நடக்கும் பக்கத்துக் கதவில் தடித்த பிளாஸ்டிக் தாளை மேலிருந்து தரைவரை தொங்கவிட்டு, அடியில் ஈரச் சாக்கைப் போடுங்கள். சுண்ணாம்புத் தூசி சாதாரணத் தூசி இல்லை. கண்ணையும் தொண்டையையும் அரிக்கும்.

கழிவறை வீட்டின் கோடியில் தோட்டத்தில் இருந்தால், ராத்திரி எழுந்து போகும் வழிக்கு ஒரு விளக்கு. சின்ன விஷயமாகத் தோன்றும். அறுபது வயதில் அப்படித் தோன்றாது.

ஓடு, செங்கல், மரம் எதையும் இந்த அறைகளின் சுவரோடு சாய்த்து அடுக்காதீர்கள். அடுக்கிய ஓட்டுக்குள் தேள் குடிவர ஒரு வாரம் போதும், தேளுக்குப் பின்னால் பாம்பும் வரும். நாலு கல் வைத்து அதன் மேல் பலகை போட்டு, சுவரைவிட்டுத் தள்ளி அடுக்குங்கள். எடுக்கும்போது கையுறை போடுங்கள்.

கூரை: திறந்ததை மாலைக்குள் மூடு

சரி, இனி வேலை. தை பிறந்து பனி குறைந்ததும் கூரையில் ஏறலாம். ஆனி வரைக்கும் பெரிய மழை இல்லை, ஆனால் சித்திரை, வைகாசியில் சாயங்கால இடி மழை உண்டு. அதனால்தான் இந்தப் பகுதியின் தலைப்பு. அன்று மாலை நாலு மணிக்குள் திரும்ப மூட முடிகிற அகலத்தை மட்டும்தான் காலையில் பிரிக்க வேண்டும். எங்கள் ஓட்டு வேலைக்காரருக்கு இது பிடிக்கவில்லை. "அண்ணே, ஒரேயடியாப் பிரிச்சா நாலு நாள்ல முடிச்சுரலாம்ணே" என்றார். பிரித்த இடத்துக்குக் கீழே ஆள் இல்லாத வீட்டில் அவர் சொல்வது சரி. ஒரே ஒரு நாள் அவர் சொன்னபடி விட்டேன். அன்று பார்த்து ஐந்து மணிக்கு மழை. முகப்பில் மாட்டியிருந்த ஐயாவின் ரங்கூன் போட்டோ நனைந்தது. அப்புறம் அவரும் கேட்கவில்லை, நானும் விடவில்லை.

நம் வீடுகளில் சரிவுக் கூரை ஒரு அடுக்கு இல்லை. சட்டம், அதன் மேல் ரீப்பர் என்கிற குறுக்கு மரப்பட்டி, பல வீடுகளில் அதன் மேல் தட்டையான தட்டோடு, அதற்கும் மேலே மல்லாத்தியும் கவிழ்த்தும் அடுக்கிய நாட்டு ஓடு. வெயிலை உள்ளே விடாமல் காக்கிற இந்தக் கனத்தைப் பிரித்துவிட்டுத் தகரமோ ஒற்றைச் சீமை ஓடோ போட்டால், சித்திரையில் வீட்டுக்குள் இருக்க முடியாது. வேலை வரிசை இப்படி:

1. மேல்முகட்டில் தார்ப்பாயைச் சுருட்டிக் கட்டி வையுங்கள். மேகம் கறுத்தால் அவிழ்த்து உருட்டிவிட வேண்டியதுதான். மழை வந்த பிறகு தேடப் போகக் கூடாது.

2. ஓட்டின் மேல் நேராகக் கால் வைக்காதீர்கள். மூங்கில் ஏணியைச் சரிவில் படுக்கவைத்து, அடியில் சாக்கு மடித்து வைத்து, ஏணிமேல் நடங்கள். இடுப்பில் கயிறு கட்டுங்கள். கீழே இருப்பது முற்றத்துக் கருங்கல்.

3. ஓடுகளை மேலிருந்து கீழாகப் பிரித்து, விரல் கணுவால் தட்டிப் பாருங்கள். கணீர் என்றால் நல்லது. மந்தமாகக் கேட்டால் உள்ளே கீறல், தள்ளுங்கள். கழிந்தது போகத் தேறுகிற பழைய ஓடுகளை முற்றத்தைப் பார்த்த சரிவில் போடுங்கள். வாங்கியது பின்பக்கச் சரிவுக்கு. புது நாட்டு ஓடு கிடைப்பது வரவரக் கஷ்டம். இடிக்கிற வீடுகளில் வாங்கும்போது அளவு மாதிரிக்கு உங்கள் ஓடு ஒன்றைக் கையோடு கொண்டு போங்கள், கைவேலை என்பதால் ஊருக்கு ஊர் வளைவு மாறும்.

4. ரீப்பரைத் தயங்காமல் மாற்றுங்கள். சட்டத்தை மாற்றத் தயங்குங்கள். சட்டம் கெடுவது பெரும்பாலும் நுனியில், சுவருக்குள் புதைந்த இடத்திலோ இறவாரத்திலோதான். கெட்ட இரண்டடியை வெட்டி, அதே மரத்தில் சாய்வெட்டு ஒட்டுப் போட்டு போல்ட் முடுக்க ஒரு நல்ல ஆசாரியால் முடியும். வெட்டுமுன் முட்டுக் கொடுக்க வேண்டும் என்பதை ஆசாரிக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் நின்று பாருங்கள்.

5. கூடல்வாயில் பழைய தகடு ஓட்டையாகியிருந்தால் ஒட்டுப் போடாமல் முழுசாக மாற்றுங்கள். இரண்டடி அகலத் தகடு, மேல்தகடு கீழ்த்தகட்டின் மேல் ஒரு சாணாவது ஏறியிருக்க வேண்டும், இரண்டு ஓரமும் மேல்நோக்கி மடங்கியிருக்க வேண்டும். எங்கள் பதினேழு பாத்திரத்தில் ஒன்பது இந்த ஒரு வேலையில் அலமாரிக்குத் திரும்பின.

6. முகடும் இறவாரமும் சுண்ணாம்புக் கலவையில் உட்கார வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் புதுக்கோட்டைப் பக்கம் அடித்த அடிக்குச் சும்மா அடுக்கிய ஓடு எப்படி நிற்கும்?

மெத்தைத் தளம், அதாவது தேக்குக் கட்டைகளின் மேல் சின்னச் செங்கல்லைப் பக்கவாட்டில் நிறுத்தி, மூலைவாட்டமாக அடுக்கிச் சுண்ணாம்பில் கட்டிய மெட்ராஸ் டெரஸ், வேறு மாதிரி. அதில் ஒழுகினால் யோசனை சொல்கிறவர்கள் எல்லாரும் மேலே இரண்டு அங்குலம் சிமென்ட் கான்கிரீட் போடச் சொல்வார்கள். கணக்குப் போடுங்கள். கான்கிரீட் ஒரு கன மீட்டர் ஏறக்குறைய 2,400 கிலோ. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையின் மேல் இரண்டு அங்குலம் என்றால் சுமார் 1,350 கிலோ. நூறு வருடம் உழைத்த மரக்கட்டையின் தலையில் ஒரு காரை நிரந்தரமாக ஏற்றி வைப்பதற்குச் சமம். அதோடு, கீழே ஊறிய ஈரம் மேலே ஆவியாக வழியில்லாமல் கட்டையின் நுனியில் இறங்கும்.

சரியான வழி மெதுவானது. மேலே பதித்த தட்டோட்டில் அசைகிறதை எடுத்து, அடியிலுள்ள செங்கல் ஜல்லிச் சுண்ணாம்பில் வெடித்த பாகத்தை மட்டும் வெட்டி, அதே செங்கல் ஜல்லி, சுண்ணாம்பு போட்டு, கடுக்காய் ஊறிய தண்ணீர் தெளித்து மரக்கட்டையால் கொட்ட வேண்டும். ஒரு நாளில் முடிகிற கொட்டு இல்லை. கட்டை பட்டுத் துள்ளும்வரை தினமும் கொட்டினால்தான் இறுகும். பிறகு தட்டோடு, பிறகு மழைக்குழாய் பக்கம் வாட்டம் சரிதானா என்று ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பது. தண்ணீர் தயங்கி நின்றால் அந்த இடத்தைத் திரும்பச் செய்யச் சொல்லுங்கள்.

கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று முளைத்திருந்தால் விரலளவு இருக்கும்போதே பிடுங்குங்கள். பெரிதாகிவிட்டால் இழுக்காதீர்கள், வேர் செங்கல்லைப் பெயர்த்துக்கொண்டு வரும். அடியில் வெட்டி, வெட்டிய வாயில் உடனே களைக்கொல்லியைத் தூரிகையால் தடவி, வேர் செத்தபிறகு சுவரைத் திறந்து எடுங்கள். உப்பும் ஆசிட்டும் ஊற்றச் சொல்வார்கள். வேர் பிழைத்துக்கொள்ளும், சுவர்தான் சாகும்.

விழுந்த தண்ணீர் போகிற வழி

நாலு சரிவின் தண்ணீரும் முற்றத்தில் விழுந்து, தரைக்கடியில் கல் வாய்க்கால் வழியாகத் தெருவுக்கும் அங்கிருந்து ஊரணிக்கும் போகிற மாதிரி கட்டியவர்கள் நம் முன்னோர். தெரு ஒவ்வொரு முறை ரோடு போடும்போதும் உயர்ந்துகொண்டே வந்திருக்கிறது. வாய்க்காலின் வெளிவாய் பல வீடுகளில் இப்போது ரோட்டுக்கு அடியில். மழைக்கு முன் முற்றத்தின் வாயை அடைத்து நாலு குடம் ஊற்றித் திறந்துவிட்டு, எவ்வளவு நேரத்தில் வடிகிறது என்று பாருங்கள். மூங்கில் பிளாச்சை விட்டுக் குடைந்தால் மண், எலிக்கூடு, ஒருமுறை ஒரு எவர்சில்வர் டம்ளர், எல்லாம் வரும்.

படகில் கடல்நீர் வரும் துளை ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு மரக்கூம்பு கயிற்றில் கட்டித் தொங்கும். வால்வு உடைந்தால் தேடாமல் அடைக்க. எங்கள் முற்றத்துத் தூணிலும் ஒரு மூங்கில் பிளாச்சு நிரந்தரமாகத் தொங்குகிறது.

சுவர்: சிமென்ட் மூட்டை வாசலோடு நிற்கட்டும்

நான் வருவதற்குச் சில வருடம் முன், யாரோ ஒரு ஒப்பந்தக்காரர் எங்கள் முகப்பின் இடது சுவரில் இடுப்பளவுக்குச் சிமென்ட் பூசிக் கொடுத்திருந்தார். ஈரம் வராமல் இருக்கவாம். நான் பார்த்தபோது ஈரம் இடுப்புக்கு மேலே ஏறி, நூறு வருடம் கண்ணாடி மாதிரி இருந்த வெள்ளைப் பூச்சு உப்புப் பூத்து உதிர்ந்துகொண்டிருந்தது. செங்கல்லும் சுண்ணாம்பும் மூச்சு விடுகிற சுவர். அடியில் ஏறும் ஈரம் வழியிலேயே காற்றில் ஆறிவிடும். அடைத்தால் மேலே ஏறி, அடைப்பு முடிகிற இடத்தில் வெளியே வரும். பிளாஸ்டிக் பெயின்டும் இதே வேலையைத்தான் செய்யும்.

ஆகவே முதலில் ஈரத்தின் காரணம். பின்பக்கச் சுவரோடு குவிந்த மண்ணை வெட்டி எடுங்கள். குளியலறைத் தண்ணீர் சுவரடியில் தேங்குகிறதா என்று பாருங்கள். அப்புறம் சிமென்ட்டைச் சின்ன உளியால், பொறுமையாக, கொத்தி எடுங்கள். சுவரை ஒரு கோடை முழுக்கச் சும்மா காயவிடுங்கள். பூக்கிற உப்பை உலர்ந்த தூரிகையால் தட்டி முறத்தில் வாரிக் கொட்டுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு திரும்ப உள்ளே போகும்.

பூச்சு வேலைக்குச் சுட்ட சுண்ணாம்புக் கல்லைத் தண்ணீரில் நீற்றுவது ஆபத்தான கட்டம். கல்லில் தண்ணீர் பட்டதும் கொதிக்கும், தெறிக்கும். தண்ணீரில் சுண்ணாம்பைப் போட வேண்டும், சுண்ணாம்பின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. கண்ணாடி, கையுறை, பக்கத்தில் ஒரு வாளி நல்ல தண்ணீர். வீட்டில் பேரப்பிள்ளைகள் வந்திருக்கும் வாரத்தில் இந்த வேலை வேண்டாம். நீற்றிச் சலித்த சுண்ணாம்பைத் தொட்டியில் தண்ணீருக்கு அடியில் எவ்வளவு நாள் வைக்கிறோமோ அவ்வளவுக்கு வெண்ணெய் மாதிரி வரும். நான் மார்கழியில் நீற்றி மாசியில் எடுத்தேன்.

அடிப்பூச்சுக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு, மூன்று பங்கு கழுவிய மணல். தட்டினால் பொக்கென்று கேட்கும் இடத்தை மட்டும் வெட்டி, சுவரை நன்றாக நனைத்து, மெல்லிய பூச்சாகப் பூசுங்கள். கனமாக ஒரே பூச்சில் போட்டால் வெடிக்கும். கடுக்காயை இடித்து, கருப்பட்டியோடு ஊறவைத்த தண்ணீரைக் கலவையில் சேர்ப்பது பழைய முறை. மேல்பூச்சுக்கு மணல் குறைந்துகொண்டே போய், கடைசியில் வெறும் சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும். கூழாங்கல்லால் இழைத்து இழைத்துப் பளபளப்பு ஏற்ற வேண்டும். சிமென்ட் தண்ணீரால் இறுகும், சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை எடுத்துக்கொண்டு மெல்ல இறுகும். அதனால் வெயில் நேராகப் படாமல் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு, ஒவ்வொரு பூச்சும் இறுக நாள் கொடுங்கள்.

முட்டைப் பூச்சு தெரிந்த கொத்தனார்களில் இன்று பெரும்பாலோர் வயதானவர்கள். அவர் வேலை செய்யும்போது பக்கத்தில் ஒரு இளையவர் நிற்கும்படி கூலி பேசுங்கள். பூச்சு வாசனை ஒரு வாரம் வீட்டில் நிற்கும். என் மனைவி அந்த வாரம் தேவகோட்டைக்குத் தன் ஆத்தா வீட்டுக்குப் போய்விட்டாள், நான் குறை சொல்லமாட்டேன்.

மரமும் கரையானும்

முகப்பிலும் வளவிலும் இருக்கிற பர்மாத் தேக்கு இனி வராது. ரங்கூனில் சம்பாதித்து மரத்தைக் கப்பலேற்றி அனுப்பிய காலம் 1942-ல் ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடித்ததோடு போயிற்று. எனவே ஒரு அடித் துண்டையும் எறியாதீர்கள், ஒட்டுப் போட உதவும்.

நல்ல தேக்கின் வைரத்தை, அதாவது உள்மரத்தை, கரையான் சுலபத்தில் தொடாது. அது தின்பது பின்கட்டுப் பனஞ்சட்டங்களையும், தேக்கின் வெளிர் நிறப் பாகத்தையும்தான். சுவரில் மண் கோடு ஏறியிருந்தால் கலைத்துவிட்டு மறுநாள் பாருங்கள். திரும்பக் கட்டியிருந்தால் உயிரோடு இருக்கிறது. திருப்புளியால் சட்டத்தைக் குத்திப் பாருங்கள், இறங்கினால் உள்ளே ஒன்றுமில்லை. கரையான் மருந்துக்காரரைக் கூப்பிடலாம், ஆனால் ஒழுகல் நின்று சுவர் காய்ந்த பிறகு கூப்பிடுங்கள். மருந்து அடிக்கும் நாளன்று அந்தக் கட்டில் சமைக்கக் கூடாது, கிணற்றுப் பக்கம் மருந்து போகக் கூடாது.

பழைய கதவில் இருக்கும் பச்சை, நீலப் பெயின்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். உலர்ந்த உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அந்தத் தூளைத்தான் நீங்கள் சுவாசிப்பீர்கள். ஈரமாகச் சுரண்டி, தாளில் வாரி, கட்டி எறியுங்கள். தேக்கு வெளிப்பட்டதும் வார்னிஷ் வேண்டாம், எண்ணெய் துடைத்தால் போதும்.

கரண்ட்

இதில் கஞ்சத்தனமும் கலையுணர்வும் வேண்டாம். மரப்பட்டியில் ஓடும் பழைய வயரில் எர்த் கிடையாது, ரப்பர் பொடிப்பொடியாக உதிரும், மேலே எலி கடித்திருக்கும், அதற்கும் மேலே ஒழுகும். குடியிருக்கும் இரண்டு அறைக்கு மெயினிலிருந்து புது லைன் தனியாக இழுத்து, புது எர்த் குழி போட்டு, மின்கசிவு வந்தால் கரண்டை உடனே துண்டிக்கிற, 30 மில்லி ஆம்பியரில் விழும் ஆர்.சி.சி.பி. வைத்த பிறகுதான் ஒரு மிக்சியையாவது செருகுங்கள். பழைய லைனை மெயினிலேயே துண்டித்துவிடுங்கள். லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன்தான் செய்ய வேண்டும். சுண்ணாம்புச் சுவரை வெட்டிக் குழாய் புதைக்க விடாதீர்கள், உத்திரத்தின் ஓரமாக மேலோட்டமாகக் கொண்டு போகலாம். பழைய வட்ட ஸ்விட்சுகளை அழகுக்காக அப்படியே விட்டிருக்கிறேன், உள்ளே வயர் இல்லை. விருந்தாளிகள் போட்டுப் பார்த்துவிட்டுக் கரண்ட் இல்லையா என்று கேட்பார்கள்.

தரையும் சில வசதிகளும்

தரை கடைசி. மேலே வேலை நடக்கும் வரை ஆத்தங்குடிக் கல்லின் மேல் சாக்கு விரித்து, அதன் மேல் பிளைவுட் போட்டு மூடி வையுங்கள். உடைந்த கல்லுக்கு மாற்றுக் கல் ஆத்தங்குடியில் சொல்லிச் செய்யலாம். கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணத்தை ஊற்றிக் கையால் வார்க்கிற கல் என்பதால், உடைந்த துண்டையே மாதிரிக்குக் கொண்டு போங்கள். போனில் படம் அனுப்பினால் நிறம் தப்பும். சூளையில் சுட்ட கல் இல்லை அது. ஆசிட் பட்டால் போச்சு. தண்ணீர்த் துடைப்பும், எப்போதாவது தேங்காய் எண்ணெய் தொட்ட துணியும் போதும். நடக்க நடக்கத்தான் மெருகேறும்.

புதிதாக ஒரு குளியலறை வேண்டுமென்றால் உள்வீட்டுக்குள் வைக்காதீர்கள். அங்கே தண்ணீர்க் குழாய் போனால் சுவரின் ஈரம் திரும்பவும் தொடங்கும். பின்கட்டில், வெளிச்சுவரோடு, தோட்டத்துப் பக்கம் வடிகிற மாதிரி வையுங்கள். முற்றத்தின் மேல் கண்ணாடிக்கூரை போட்டு மூடுகிற ஒரு வழக்கம் வந்திருக்கிறது. மூடினால் சூடான காற்று மேலே போக இடமில்லாமல் வளவு முழுக்க அடுப்பாகிவிடும். குரங்குக்காகக் கம்பி வலை போடுங்கள், அது போதும்.

ஆட்களும் பணமும்

திறந்து பார்க்கும்வரை பழைய வீட்டில் வேலை எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. அதனால் முதல் வாரம் நாள்கூலி, என்ன இருக்கிறது என்று தெரிந்தபின் ஒப்பந்தம். திறக்காமலே மொத்தத் தொகை சொல்கிறவர், மிச்சத்தைச் சிமென்ட்டில் மூடுகிறவர். ஒவ்வொரு மாலையும் வேலை முடிந்ததும் அரைமணி, அவர்கள் நேரத்திலேயே, கூட்டி வாரி, கருவிகளை ஒரே பெட்டியில் அடுக்கச் சொல்லுங்கள். ஆணி கிடக்கும் தரையில் ராத்திரி நடக்கப் போவது நீங்கள்தான்.

பணத்தை மூன்று வருடத்துக்குப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் வருடம் கூரையும் கரண்டும். இரண்டாவது வருடம் வடிகாலும் சுவரும். மூன்றாவதுக்கு மரமும் தரையும். நடுவில் ஒரு கல்யாணமோ, முன்னோருக்குப் படையலிடும் படைப்போ வரும், அப்போது முகப்புக்கு மட்டும் வெள்ளையடிக்க எல்லாரும் வற்புறுத்துவார்கள். சுண்ணாம்பு அடித்துக் கொடுத்துவிடுங்கள், அதில் கெடுதல் இல்லை.

எங்களுக்கு இப்போது நாலாவது வருடம். போன ஐப்பசிக்கு இரண்டு பாத்திரம்தான் வைத்தோம். ஒன்று மேற்குப் பத்தியில், அதாவது தாழ்வாரத்தில், நோட்டில் பதினொன்றாம் எண். கீழ்க்காற்றுக்கு மட்டும், அரைமணி கழித்து. ஓடு சரியாக இருக்கிறது, தகடும் சரியாக இருக்கிறது. வருகிற தையில் ஹோஸ் பைப்போடு ஏறிப் பார்க்க வேண்டும்.